என் பெயரில் இருந்த இதயம்

கல்லூரியில் சேர்ந்த இந்த ஐந்து செமஸ்டர்களில் நான் முழு ஈடுபாட்டோடு செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். தூங்கியது. மற்ற எல்லாவற்றையும் எனக்காக வேறு யாராவது செய்திருக்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் என் எண் ஐம்பத்தேழு. அந்த எண்ணுக்கு இதுவரை "எஸ் சார்" சொன்ன குரல்களைச் சேர்த்தால் ஒரு பஜனைக் குழு நடத்தலாம். அதில் என் குரல் மட்டும் இருக்காது.

ஆகவே இதய ஸ்கேனுக்கும் ஆள் அனுப்பினேன்.

'இதய வரலாற்றுப் பதிவு' என்பது அரசாங்கம் வைத்த பெயர். நாங்கள் ஜாதகம் என்போம். மார்பின் மேல் உள்ளங்கை அளவில் ஒரு கருவியை வைத்து ஒலி அலைகளை அனுப்புவார்கள். இதயத் தசையின் ஒவ்வொரு இழையும் எப்படி நீள்கிறது, எப்படிச் சுருங்குகிறது என்று படம் விழும். அந்தப் படத்தைப் படித்து, இந்த இதயம் இதுவரை என்னென்ன பட்டிருக்கிறது, இனி எப்படிப் போகும் என்று கணினி சொல்லிவிடும். முதலில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியவர்களுக்காகத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். நோயைக் கொல்லப் போகிற மருந்து சில சமயம் போகிற போக்கில் இதயத்தையும் இரண்டு தட்டுத் தட்டிவிடும். அதை முன்கூட்டியே பிடிக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம். நல்ல நோக்கங்களுக்கு நம் ஊரில் வழக்கமாக நடப்பது இதற்கும் நடந்தது. இரண்டே வருடத்தில் கல்யாணத் தரகர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். பிறகு காப்பீட்டுக்காரர்கள். பிறகு கல்லூரிகள். அடுத்த வருடத் தேர்விலிருந்து கட்டாயம் என்று போலீசும் தீயணைப்புத் துறையும் அறிவித்திருந்தன.

எங்கள் கல்லூரி திண்டுக்கல்லுக்கு வெளியே, பேருந்து நிற்கத் தயங்கும் ஓர் இடத்தில் இருக்கிறது. ஸ்கேன் முகாம் அங்கே கருத்தரங்கக் கூடத்தில், காலை ஏழரைக்கு. என்னைப் போன்றவனுக்கு அது கிட்டத்தட்ட நள்ளிரவு.

முந்தின நாள் என் அறைத்தோழன் மருதுபாண்டியிடம் புலம்பினேன்.

"ஏழரைக்குடா. ஏழரைன்னு பேரு வச்ச நேரத்துல எவனாவது நல்ல காரியம் பண்ணுவானா?"

"நீ தூங்கு மாப்ள. நான் எப்டியும் கிரவுண்டுக்குப் போவேன். போற வழியில உன் பேர்ல படுத்து எந்திரிச்சிட்டுப் போறேன்."

"உனக்கு ஸ்கேன் இல்லயா?"

"என்சிசில ஆன்டியூட்டி வாங்கிட்டேன். லிஸ்ட்லயே என் பேரு இல்ல."

மருது மானாமதுரைக்காரன். அவன் அப்பா பேருந்து ஓட்டுநர். தீயணைப்பு வீரனாவது என்று பத்தாம் வகுப்பிலேயே முடிவு செய்துவிட்டான். இந்த வருடத் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது. தினமும் விடிகாலையில் வெறுங்காலில் பதினைந்து சுற்று ஓடுவான். பிறகு மைதானத்து ஓரப் புளியமரத்தில் கட்டிய கயிற்றில் கால் படாமல் ஏறுவான். நான் படுத்தபடியே ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக் களைத்துப்போவேன்.

முகாமில் எந்தச் சிக்கலும் வரவில்லை. வகுப்பு வருகைப் பதிவேட்டை வைத்துத்தான் எண்ணைக் கூப்பிட்டார்கள். ஐம்பத்தேழு என்றதும் மருது போய்ப் படுத்திருக்கிறான். இதயத்தின் உள்ளே வரை பார்க்கத் தெரிந்த கருவிக்கு முகத்தைப் பார்க்கத் தெரியாது. அதைப் பார்க்க வேண்டிய உதவிப் பேராசிரியருக்கு, என் முகம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள நான் இதுவரை வாய்ப்பளித்ததில்லை.

பத்தாம் நாள் மருத்துவமனையிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது.

டாக்டர் ஜெசிந்தாவுக்கு ஐம்பது வயது இருக்கும். இதயத்துக்கும் புற்றுநோய்க்கும் நடுவில் ஒரு துறை இருக்கிறது, அதில் அவர்.

"கிருத்திக்தானே? கூட யாரும் வரலையா?"

"இல்ல மேடம்."

"சின்ன வயசுல உனக்கு என்ன ட்ரீட்மெண்ட் எடுத்தாங்கன்னு வீட்ல சொல்லியிருக்காங்களா?"

"சளி பிடிச்சா ஆவி பிடிக்க வைப்பாங்க மேடம்."

அவர் சிரிக்கவில்லை. திரையை என் பக்கம் திருப்பினார். வண்ண வண்ணமாக ஒரு வட்டம். சில இடங்களில் அடர் சிவப்பு, சில இடங்களில் வெளிறிப்போன ரோஜா நிறம்.

"பம்ப் பண்ற அளவ மட்டும் பார்த்தா இந்த இதயம் ஓகே. பழைய எக்கோவா இருந்தா நார்மல்னு எழுதி அனுப்பியிருப்பாங்க. ஆனா தசை நீண்டு சுருங்குற இழுவைன்னு ஒண்ணு இருக்கு. உன் வயசுக்கு இருபது இருக்கணும். இங்க பதிமூணு."

"ஏழு மார்க் போயிருச்சா மேடம்?"

"பஸ் டெப்போல டயரக் கழட்டிப் பார்த்து, இது மலை ரூட்ல ஓடின வண்டின்னு சொல்லுவாங்க, கேட்டிருக்கியா? தேய்மானத்துல ஒரு தினுசு இருக்கும். அது மாதிரிதான் இதுவும். ரத்தப் புற்றுநோய்க்கு ஏத்துற செவப்பு மருந்து ஒண்ணு இருக்கு. உயிரக் காப்பாத்துற மருந்து, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அது பட்ட இதயம் இப்படித்தான் தேயும். வேற எதுலயும் இந்தத் தினுசு வராது. மூணு நாலு வயசுல ஏத்தியிருக்காங்க."

நான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் அது யாருடைய இதயம் என்பது எனக்கு நினைவு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"பயப்படாத. நல்ல சமயத்துலதான் பிடிச்சிருக்கோம். மாத்திரை எழுதித் தர்றேன். ஆறு மாசம் ஒழுங்கா சாப்பிட்டா திரும்பி வர நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா ஓட்டம், மூச்சப் பிடிச்சுக்கிட்டுப் பாரம் தூக்குறது, எதுலயாவது தொங்கி ஏறுறது, இதெல்லாம் கூடவே கூடாது."

"ஏறினா மேடம்?"

"எந்த வருஷம் படுக்கும்னு மெஷின் ஒரு பக்கம் போட்டுக் குடுத்திருக்கு. அந்தப் பக்கத்த நான் பேஷண்டுக்குக் காட்டுறதில்ல."

இந்த இடத்தில் ஒரு யோக்கியன், "மேடம், அது நான் இல்லை" என்று சொல்லியிருப்பான். நான் யோசித்தேன். ஸ்கேனுக்கு ஆள் அனுப்பினால் ஒரு செமஸ்டர் தடை என்று சுற்றறிக்கை ஒட்டியிருந்தார்கள். அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். இன்னொரு காரணமும் இருந்தது. மருதுவுக்குச் சின்ன வயதில் மஞ்சள்காமாலை வந்து மதுரையில் ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் இருந்ததாக அவனே சொல்லியிருக்கிறான். அவனுக்கே தெரியாத ஒன்றை, அவனைப் பெற்றவர்கள் இத்தனை வருடமாகச் சொல்லாத ஒன்றை, ஏழரை மணிக்கு எழ முடியாத ஒருவன் எப்படிப் போய்ச் சொல்வது?

மாத்திரைச் சீட்டையும், கல்லூரிக்கு ஒரு கடிதத்தையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கடிதத்தைப் படித்த துறைத்தலைவர் கண்கலங்கினார். நான் இதுவரை எந்தத் துறைத்தலைவரையும் வேறு வகையில்தான் கலங்க வைத்திருக்கிறேன். "வீட்டுக்குச் சொல்லட்டுமாப்பா?" என்றார். "நானே பக்குவமா சொல்லிக்கிறேன் சார்" என்றேன். மூன்றாவது மாடி வகுப்புக்குப் படியேறக் கூடாது என்பதால் ஆசிரியர்களுக்கு மட்டுமான லிஃப்டின் அட்டையைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார்.

மூன்று நாட்கள் நான் லிஃப்டில் போனேன். அதன் பின்பக்கம் கண்ணாடி. மேலே போகப் போக மைதானம் முழுவதும் தெரியும். முதல் நாள், கொடுத்துவைத்தவன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். இரண்டாம் நாள், ஓரத்துப் புளியமரம் கண்ணில் பட்டது. காலை வெயிலில் மருது கயிற்றில் ஏறிக்கொண்டிருந்தான். நான் அவனுடைய இதயத்தைக் காட்டி வாங்கிய அட்டையில் ஏறிக்கொண்டிருந்தேன். இருவரும் ஏறக்குறைய ஒரே வேகம். மூன்றாம் நாள் லிஃப்டில் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். என் மனசாட்சி அந்த அளவுக்குத்தான் வேலை செய்யும்.

அறைக்கு வந்தால் மருது கேட்பான்.

"உன் ஸ்கேன் ரிப்போர்ட் வந்துருச்சா?"

"இன்னும் வரலடா."

"பசங்களுக்கெல்லாம் வந்துருச்சாம்."

"என் இதயத்துல படிக்க நிறைய இருக்கும்போல."

"இருக்கும், இருக்கும்" என்று சிரித்துவிட்டு, மூட்டு வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்வான்.

நான்காம் நாள் விடிகாலையில் எழுந்தேன். வார்டன் என்னைப் பார்த்து, ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். ஒரு வகையில் ஆமாம் என்றேன். மைதானத்துக்குப் போனபோது மருது கயிற்றில் பாதி உயரத்தில் இருந்தான். கீழே நின்று அண்ணாந்து பேசினேன். முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்ல வேண்டாம் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்ததை மறைக்க விரும்பவில்லை.

"மருது, ரிப்போர்ட் வந்து நாலு நாளாச்சுடா."

கயிறு அசையாமல் நின்றது.

"அதுல... அது உன்னோட ரிப்போர்ட்தானே. சின்ன வயசுல உனக்கு வந்தது மஞ்சக்காமாலை இல்லயாம்டா. வேற என்னமோ. நீ ஓடக்கூடாதாம். இதுலயும் ஏறக்கூடாது. எனக்கு எப்டிச் சொல்றதுன்னே தெரியல."

மேலேயிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது.

"எத்தன?"

"என்னது எத்தன?"

"இழுவை. எத்தனன்னு போட்ருக்கு?"

"பதிமூணு."

மருது மெதுவாக இறங்கினான். உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"பதினாறாச்சும் இருக்கும்னு நெனச்சேன்" என்றான்.

எனக்குப் புரிய வழக்கம்போல் நேரமாயிற்று. புளியமரத்தின் வேரில் உட்கார்ந்து, ஒரு பாடத்தை விளக்குவதுபோல் அவனே சொன்னான்.

"ஒம்பதாங்கிளாஸ்ல சாதிச் சான்றிதழ் தேடுனேன் மாப்ள. அம்மா பட்டுச் சேலைக்கு அடியில ஒரு பைலு. பூரா என் பேரு. நெட்ல போயி ஒவ்வொரு வார்த்தையாப் பார்த்தேன். வீட்ல நான் மொட்டத்தலையோட இருக்குற போட்டோ நெறைய உண்டு. ஒரே வருசத்துல மூணு கோயிலுக்கு மொட்ட போட்டோம்னு சொல்லுவாய்ங்க. எந்தச் சாமிடா மூணு மாசத்துக்கு ஒருதரம் முடி கேக்கும்?"

"ஏன்டா சொல்லல உங்கிட்ட?"

"அக்காவக் கட்டிக் குடுக்கணும்ல. வீட்ல ஒருத்தனுக்கு அந்த நோயின்னா பொண்ணெடுக்க யோசிப்பாய்ங்க. அதோட, நான் பயந்துருவேன்னு நெனச்சிருப்பாய்ங்க. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவுக பயந்துருவாகளேன்னு நானும் சொல்லல."

"அப்ப ஸ்கேனு?"

"எம் பேர்ல எடுத்தா எம் பேர்ல பதிவாயிரும். தெரிஞ்சுக்கவும் வேணும், பதிவாகவும் கூடாது. யாரு எந்திரிக்க மாட்டான்னு பார்த்தேன்."

அவனை ஆளாக அனுப்பியதாக நாலு நாளாகக் குற்ற உணர்ச்சியில் இருந்தேன். உண்மையில் அவன் என் பெயரை ஆளாக அனுப்பியிருக்கிறான். கல்லூரியிலேயே பெரிய சோம்பேறி யார் என்று ஆராய்ந்து தேர்ந்தெடுக்கப்பட்டவன் நான். வளாக நேர்காணலில்கூட எனக்கு இப்படி ஒரு தேர்வு அமையப் போவதில்லை.

"இன்னும் ஒம்போது நாளு" என்றான். "இந்த வருசத்தோட ஸ்கேன் இல்லாத செலக்சன் முடிஞ்சுது. இத விட்டா எனக்கு இந்த ஜென்மத்துல யூனிபார்ம் கெடையாது. அதுவரைக்கும் அது உம் பேர்லயே கெடக்கட்டும் மாப்ள. மாத்திரைய நீ வாங்கு, நான் முழுங்கிக்கிறேன். செலக்சன் முடிஞ்சதும் நீ போயி உண்மையச் சொல்லிக்க."

"அந்த டாக்டரு தொங்கி ஏறக்கூடாதுன்னு சொன்னாங்கடா."

"அவுங்களுக்குத் தெரியுமா, அந்தக் கயித்துல ஏறத்தான் அந்த இதயமே ஓடுதுன்னு?"

இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவன் தத்துவம் படித்திருக்க வேண்டும். நான் கணிப்பொறியியல், அதிலும் மூன்று அரியர். சரி என்றேன்.

அன்றிலிருந்து என் பெயரில் மாத்திரை வாங்கி வந்தேன். அவன் விழுங்கினான். நான் லிஃப்டில் போனேன். நட்புக்கு இலக்கணம் என்று யாராவது எழுத வந்தால் எங்களைத் தவிர்ப்பது நல்லது.

இரண்டு நாள் கழித்து, ஒன்பதாவது சுற்றில் மருது சட்டென்று நின்று குனிந்து உட்கார்ந்தான். நான் எல்லைச் சுவரில் உட்கார்ந்து சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. லேஸ் கட்டுறேன்."

அவன் வெறுங்காலில் இருந்தான்.

கொஞ்ச நேரம் இருவரும் அவனுடைய காலையே பார்த்தோம். பிறகு எழுந்து மறுபடி ஓட ஆரம்பித்தான். எனக்கு வேறு வழி எதுவும் தோன்றவில்லை. சுவரிலிருந்து குதித்து அவன் பக்கத்தில் போய் ஓடினேன்.

"நீ ஏன்டா ஓடுற?"

"நீ நிறுத்துற வரைக்கும் நானும் ஓடுவேன்."

"செத்துருவ மாப்ள."

"அதத்தான்டா நானும் சொல்றேன்."

திட்டம் உணர்ச்சிகரமானது. அதில் ஒரே ஒரு ஓட்டை, என் உடம்பு. முதல் நாள் இரவு மெஸ்ஸில் சப்பாத்தி தோலாக இருந்ததால் சாப்பிடவில்லை. விடிகாலையில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெயில் ஏறிவிட்டது. இரண்டாவது சுற்றில் மைதானம் சரிய ஆரம்பித்தது. மூன்றாவது சுற்றின் வளைவில் புளியமரம் இரண்டாகத் தெரிந்தது. பிறகு எதுவும் தெரியவில்லை. பழுதுபட்ட இதயம் ஒன்பது சுற்று ஓடிய மைதானத்தில், முழுசாக இருந்த இதயம் இரண்டேகால் சுற்றில் விழுந்தது. அறிவியல் இதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

விழித்தபோது மருத்துவமனையின் அவசரப் பிரிவில் படுத்திருந்தேன். முகத்தில் ஆக்ஸிஜன் முகமூடி. மருது வார்டனின் ஸ்கூட்டரில் என்னை நடுவில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறான். இளம் டாக்டர் ஒருவர் திரையில் என் பதிவைத் திறந்து வைத்திருந்தார்.

"இழுவை பதிமூணு. ஏற்கெனவே மருந்து பட்ட ஹார்ட். சிஸ்டர், சலைன் வேண்டாம், எடுத்துருங்க. தண்ணி ஏத்தினா ஹார்ட்டு தாங்காது. நீர் போக ஊசி ரெடி பண்ணுங்க."

என் உடம்பில் போக நீரே இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல முகமூடியைக் கழற்றப் பார்த்தேன். நர்ஸ் என் கையைப் பிடித்துக் கட்டிலோடு அழுத்தினார். "அமைதியா இருங்க தம்பி, ஒண்ணும் ஆகாது." அதே கையோடு, ஏறிக்கொண்டிருந்த சலைனையும் நிறுத்தினார்.

நான் மருதுவைப் பார்த்தேன். அவன் கதவருகில் நின்றிருந்தான். அட்டெண்டர்கள் தாண்டக் கூடாத மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம். அவன் பார்வை ஊசியில் இருந்தது. தேர்வுக்கு இன்னும் ஏழு நாள். அவன் யோசிப்பான் என்று நினைத்தேன். அவன் இடத்தில் நானாக இருந்தால் யோசித்திருப்பேன், குறைந்தது ஒரு சுற்றறிக்கையைப் படித்து முடிக்கும் நேரமாவது.

அவன் கோட்டைத் தாண்டி வந்துவிட்டான்.

"டாக்டர், அந்த ஊசியப் போடாதீங்க. அவனுக்குத் தண்ணி ஏத்துங்க. நேத்துலருந்து அவன் எதுவும் சாப்டல."

"வெளிய நில்லுங்க. பேஷண்ட்டோட ரெக்கார்டு இருக்கு எங்ககிட்ட."

"அது அவனோடது இல்ல. என்னோடது. அன்னிக்கு ஸ்கேன்ல படுத்தது நான்."

"நீங்க யாரு?"

"மருதுபாண்டி. எழுதிக்கங்க. எனக்கு மூணு வயசுல ரத்தப் புத்துநோய். செவப்பு மருந்து ஏத்துனாங்க."

பிரிவு முழுவதும் கேட்கிற மாதிரிச் சொன்னான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆறு வருடம் சொல்லாமல் வைத்திருந்ததை, கடையில் பொருள் கேட்பதுபோல் சொல்லி முடித்துவிட்டான். இளம் டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். சலைன் மீண்டும் சொட்ட ஆரம்பித்தது.

டாக்டர் ஜெசிந்தா வந்தார். யாரையும் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இரண்டு பேருக்கும் புதிதாக ஸ்கேன் எடுத்தார். என்னுடைய படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"மேடம், என்ன வந்திருக்கு?"

"ஒண்ணுமே இல்ல. இருபத்தொரு வருஷமா இந்த இதயத்துல சொல்லிக்கிற மாதிரி எதுவும் நடக்கல."

கேட்டுக்கொண்டேன். இவ்வளவு துல்லியமாக என்னை யாரும் மதிப்பிட்டதில்லை.

மருதுவின் இழுவை பன்னிரண்டரைக்கு இறங்கியிருந்தது. அவனைப் படுக்கையில் சேர்த்தார்கள். தீயணைப்புத் தேர்வு வரை எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு டாக்டர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"ஓடக் கூடாதுன்னு சொல்லியும் ஓடியிருக்க."

"எனக்கு நீங்க சொல்லல மேடம். அவனுக்குத்தான் சொன்னீங்க."

"இப்ப உனக்குச் சொல்றேன். இந்தத் தேர்வு வேண்டாம். இதுக்கு நான் ஃபிட்னஸ் தர மாட்டேன். அடுத்த தேர்வுக்கும் தர முடியுமான்னு தெரியாது. பொய்யா நம்பிக்கை குடுக்க எனக்கு வராது. ஆனா மாத்திரை கேக்கும்னு நினைக்கிறேன். உனக்கு இருபது வயசு. இந்த இதயத்த வச்சு நீ இன்னும் அம்பது வருஷம் ஓட்டணும், தேர்வுல ஓடுற ஆயிரத்தைந்நூறு மீட்டர் இல்ல."

மருது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் அழுதானா என்று நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எனக்குத் தெரியும்.

மாலையில் அப்பாவுக்குப் பேசினான். வார்டில் சிக்னல் இழுத்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

"அப்பா, வண்டியில இருக்கீங்களா?"

"டிரிப்பு முடிஞ்சு டெப்போல நிக்கிறேன். சொல்றா."

"ஆஸ்பத்திரில இருக்கேன்ப்பா. ஒண்ணும் பயமில்ல. ஹார்ட்டு கொஞ்சம் வீக்கா இருக்காம். சின்னப்புள்ளைல ஏத்துன மருந்தாலயாம்."

அந்தப் பக்கம் ஒரு பேருந்து பின்னால் எடுக்கிற சத்தம். யாரோ தட்டிக்கொண்டே "வரலாம், வரலாம்" என்றார்கள்.

"என்ன மருந்து" என்றார் அப்பா.

"எனக்குத் தெரியும்ப்பா. ஒம்பதாங்கிளாஸ்லருந்தே தெரியும்."

பேருந்துச் சத்தம் மெல்லத் தூரமானது. பிறகு அவர் குரல் தணிந்து வந்தது.

"காலைல மொத வண்டிக்கு வர்றோம். நீ ஒண்ணு மட்டும் செய்யி. உனக்குத் தெரியும்னு உங்கம்மாவுக்குத் தெரிய வேணாம். அவ ஒடிஞ்சு போயிருவா. நீ சாதாரணமா மயக்கம்னு சொல்லிரு. சரியா?"

"சரிப்பா."

அரை மணி நேரத்தில் அம்மாவின் அழைப்பு வந்தது.

"அப்பா சொன்னாரு, மயக்கமாம்ல."

"ஆமாம்மா. வெயிலு."

"வெயிலு இல்ல. எனக்குத் தெரியும். பைல நீ பிரிச்சுப் பார்த்தது அன்னிக்கே தெரியும். நான் ரெட்ட முடிச்சுப் போட்டு வச்சிருந்தேன். ஒத்த முடிச்சா இருந்துச்சு. நீ கேப்ப, கேப்பன்னு ஆறு வருசமாப் பார்த்துக்கிட்டிருக்கேன், கேக்கவேயில்ல."

"நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன்மா."

"அது கெடக்கட்டும். உனக்குத் தெரியுங்கிறது எனக்குத் தெரியும்னு உங்கப்பாகிட்டச் சொல்லிறாத. நான் ஒடிஞ்சு போவேன்னு நெனச்சே அவரு ஓடிக்கிட்டு இருக்காரு. அந்த நெனப்புல கைய வச்சுறாத."

"சரிம்மா."

போனை வைத்துவிட்டு மருது என்னைப் பார்த்தான். நான் சலைன் பாட்டிலைப் பார்த்தேன்.

மறுநாள் காலை இருவரும் வந்தார்கள். அப்பா காக்கிச் சட்டையிலேயே வந்திருந்தார். அம்மா கையில் ஒரு துணிப்பை. கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, வெயிலைப் பற்றிப் பேசினார்கள். திண்டுக்கல்லில் இந்த வருடம் வெயில் அதிகம் என்றார் அப்பா. ஆமாம் என்றார் அம்மா. மானாமதுரையில் பரவாயில்லை என்றான் மருது. மூன்று பேரும் அவ்வளவு திறமையாக நடித்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அவர்கள் நடுவில் எல்லாம் தெரிந்த ஒரே ஆளாக நான் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் தெரிந்த ஆளாக இருப்பது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. அது நன்றாக இல்லை.

டாக்டர் ஜெசிந்தா கையில் ஒரு தட்டைத் திரையோடு வந்தார்.

"பேரண்ட்ஸா? ஒரு விவரம் சரிபார்க்கணும். பழைய ஆஸ்பத்திரி ரெக்கார்டு கிடைக்கல, அதனால மெஷின் போட்ட கணக்கத்தான் வச்சிருக்கேன். மொத்தம் எத்தனை தடவை செவப்பு மருந்து ஏத்தினாங்க? மெஷின் அஞ்சுன்னு சொல்லுது."

அப்பா தொண்டையைச் செருமினார். "மேடம், அது வந்து, இவனுக்கு மஞ்சக்காமாலை..."

"ஆறு" என்றார் அம்மா.

அப்பா திரும்பி அவரைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. துணிப்பையின் காதை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அஞ்சு முழுசா ஏறுச்சு. தையில ரெண்டு, மாசில ஒண்ணு, சித்திரையில ஒண்ணு, ஆனியில ஒண்ணு. ஆறாவது ஆடிப்பெருக்குக்கு மறுநாளு. பாதி ஏறும்போது ஊசி நழுவி வெளிய கசிஞ்சிருச்சு. கை வீங்கிப்போச்சு. இவன் போதும்மா, போதும்மான்னான். அதோட நிறுத்திட்டாக. அந்தப் பாதிய மெஷின் எண்ணியிருக்காது."

டாக்டர் திரையை விரலால் நகர்த்தினார். ஆடி மாதத்துக்கு நேரே கருவி ஒரு சாம்பல் கட்டம் போட்டு 'தெளிவில்லை' என்று எழுதியிருந்தது. அவர் அதை அழித்துவிட்டு, ஐந்தரை என்று திருத்தினார்.

அப்பா எழுந்து போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

மருது தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"போதும்மான்னு சொன்னேனா? எனக்கு ஞாபகமே இல்லம்மா."

"ஞாபகம் இல்லாம இருக்கட்டும்னுதான்டா சொல்லல" என்றார் அம்மா.